காணாமல் போன இருபத்துநான்கு வோல்ட்

மகனே, ஆமாம், உன் வீட்டு ஹீட்டரின் பிளக்கை வெட்டி எடுத்தது நான்தான். பஸ்ஸில் வரும்போது நீ போன் செய்து, "எம்மா, பிளக்க நீதான எடுத்த?" என்று கத்தினாய். நான் வாயைத் திறப்பதற்குள் மறையூர்க் காட்டில் சிக்னல் போய்விட்டது. போனதும் நல்லதுதான். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுத்தை அப்படி வைக்க முடியாது. இந்தத் தாள்களை உன் அப்பா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவரும் படிப்பார், படிக்கட்டும். நாளைக்கே வேறு பிளக் வாங்கி மாட்டப் போவதாக அவரிடம் சொன்னாயாம். வாங்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மாட்டுவதற்கு முன் இதைக் கடைசி வரை வாசித்துவிடு. உன் வீட்டுச் சுவர் ஒன்றுக்குள் ஒரு இடம் தீப்பிடிக்கிற அளவுக்குச் சூடாகிறது. நீ ஹீட்டரைப் போடும்போதெல்லாம் சூடாகிறது. எந்தச் சுவர் என்று நேற்று வரை எனக்குத் தெரியாது, இப்போது தெரியும்.

நான் சந்தேகக்காரி என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மின்வாரியத்தில் மீட்டர் ரீடராகச் சேர்ந்து ஓவர்சியராக ஓய்வு பெற்றவளை வேறு எப்படி எதிர்பார்க்கிறாய்? சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரம்மா முறுக்கும் காப்பியும் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசி, என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டாள். உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, வெளியே மீட்டரோ தூங்குமூஞ்சியாக நிற்கிறது. முறுக்கைத் தின்று முடித்துவிட்டுத்தான் சுவரில் இருந்த சாமி படத்தைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் மீட்டருக்குப் போகாமல் நேராக இறங்கிய ஒயர் இருந்தது. அன்றிலிருந்து யாராவது அளவுக்கு மீறி உபசரித்தால் என் கண் சுவரைத்தான் பார்க்கும். உன் அப்பா கேலி செய்வார்: "ஏட்டி, நீ சாமியக்கூட டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கும்பிடுவ." சிரித்துக்கொள்ளட்டும். கரண்ட் கண்ணுக்குத் தெரியாது, அதோடு வாழ்ந்தவளுக்குக் கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் நம்பிப் பழக்கம் வரவில்லை.

உனக்குப் பெண் பார்க்க வடகரப்பதிக்குப் போன அன்றைக்கும் அதே கதைதான். எல்லோரும் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு கோகிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உத்தரத்தில் தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் மிக்ஸி ஓடியபோது அது கொஞ்சம்கூட மங்கவில்லை. ஒழுங்கான வீடு என்று அப்போதே மனதுக்குள் குறித்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியில், "பொண்ணப் பாக்க வந்தியா, பல்பப் பாக்க வந்தியா?" என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இரண்டையும்தான் பார்த்தேன், இரண்டும் பிடித்திருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். குறையை உடனே சொல்லுகிற என் வாய்க்கு நிறைவைச் சொல்ல மட்டும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு நம் குவார்ட்டர்ஸ் வாசலில் நட்சத்திரம் கட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, செலோடேப் சுற்றி, உள்ளே பல்பு போட்டிருந்தாய். உன் கூட்டாளிகள் எல்லோரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். நான் டியூட்டி முடிந்து வந்ததும் முதல் வேலையாக அதைப் பிடுங்கி, அந்த முறுக்கைப் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி உன்னைத் திட்டினேன். மழைத் தூறலில், தகரக் கூரைக்குக் கீழே, செலோடேப் சுற்றிய ஒயர்! பிடுங்கியதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. உன் கூட்டாளிகள் போகும்வரை பொறுத்திருக்கலாம், அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நீ கையில் ஒயரைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆசை போய்விட்டது என்று நினைத்தேன். ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டாய் என்று நினைக்கவில்லை.

இப்போது உன் புது வீட்டுக்கு வருகிறேன். சம்பந்தி தன் காட்டு ஓரத்தில் கட்டிக்கொடுத்த வீடு, நல்ல வீடு, காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் மெயின் போர்டைத் தேடினேன். வாசல் பக்கத்தில் இல்லை, ஹாலில் இல்லை. கடைசியில் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டோர் ரூமில், அரிசி டிரம்முக்கு மேலே, துணித் திரை போட்டு மறைத்து வைத்திருந்தது. "என்னய்யா, போர்ட இங்க கொண்டுவந்து வச்சிருக்க?" என்று கேட்டேன். "ஹால்ல இருந்தா பாக்க அசிங்கமா இருக்கும்மா" என்றாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் அதைக் கவனிக்கவில்லை. என் சந்தேகம் எல்லாம் உன் மாமனார் பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பேசுகிற விதம் அப்படி. "ஏனுங்க சம்பந்தியம்மா, சாப்புட்டீங்களா? ஊடு புடிச்சிருக்குங்களா? தண்ணி ஒத்துக்குதுங்களா?" என்று மூச்சுக்கு மூச்சு ஒரு 'ங்க' போட்டுக் கேட்பார். எஸ்டேட்டில் வளர்ந்த என் காதுக்கு இவ்வளவு மரியாதை பழக்கமில்லை. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பால் காய்ச்சி இரண்டு மாதம் கழித்து இந்தத் தடவை வந்தேனே, வந்த மறுநாள் காலை நீ குளிக்கப் போனாய். நான் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீ ஹீட்டரைப் போட்டதும், அதே லைனில் கண்ணாடிக்கு மேலே இருந்த விளக்கு சட்டென்று சோர்ந்தது. ஹாலில் டியூப்லைட் அசையவில்லை. வெளியில் இருந்து வருகிற லைன் பலவீனம் என்றால் வீடு முழுக்க மங்கும். இங்கே ஒரு மூலை மட்டும் மங்குகிறது. சம்பந்தி மட்டமான ஒயர் போட்டுவிட்டார் என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

தீர்ப்பு எழுதினாலும் அளந்து பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது என்பது என் வேலை சொல்லிக்கொடுத்த பழக்கம். எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பையிலிருந்து வோல்ட்டும் கரண்ட்டும் அளக்கிற மீட்டரை எடுத்தேன். ஹீட்டர் நின்றிருக்கும்போது போர்டிலும் இருநூற்று முப்பது வோல்ட், பாத்ரூம் சாக்கெட்டிலும் அதே இருநூற்று முப்பது. ஹீட்டரைப் போட்டேன். போர்டில் அதே இருநூற்று முப்பது. சாக்கெட்டில் இருநூற்று ஆறு. ஒயரைச் சுற்றி மீட்டரின் வளையத்தை மாட்டிப் பார்த்தால் கரண்ட் பன்னிரண்டு ஆம்பியர். உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, அதாவது இத்தனை ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் இத்தனை வாட்ஸ். ஹீட்டருக்கு இருநூற்று ஆறைப் பன்னிரண்டால் வகு, பதினேழு ஓம் சொச்சம். அது சரியான ஹீட்டருக்கு உரிய கணக்கு, அதன்மேல் குற்றம் இல்லை. ஆனால் போர்டில் கிளம்பிய வோல்ட்டில் இருபத்துநான்கு வழியில் காணாமல் போயிருக்கிறது. இருபத்துநான்கைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு ஓம். அந்த நீளத்துக்கு நல்ல செம்பு ஒயர் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தின்னாது. மீதி இருபத்திரண்டு வோல்ட்டையும் யாரோ உட்கார்ந்து தின்கிறார்கள்.

இருபத்திரண்டைப் பன்னிரண்டால் பெருக்கு. இருநூற்று அறுபத்துநான்கு வாட்ஸ். உங்கள் ஊர்க் கோழிப் பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்ட நூறு வாட்ஸ் குண்டு பல்பு தொங்கவிடுவார்கள் இல்லையா, அதில் இரண்டரை பல்பைச் சேர்த்துச் சுவருக்குள் வைத்துச் சிமெண்ட் பூசி மூடியதாக நினைத்துக்கொள். சூடு போக வழி கிடையாது. "அப்படின்னா எம்.சி.பி. ட்ரிப் ஆயிருக்குமே" என்று நீ கேட்பாய். ஆகாது. எம்.சி.பி. கரண்ட் அதிகமானால்தான் விழும். இங்கே போவது வெறும் பன்னிரண்டு ஆம்பியர், அதற்கு அது நல்ல பிள்ளை. எர்த்துக்கும் ஒன்றும் கசியவில்லை, அதனால் ஈ.எல்.சி.பி.யும் வாய் திறக்காது. இந்தத் திருட்டை எந்தக் காவல்காரனும் பிடிக்க மாட்டான், வகுத்தல் கணக்கு ஒன்றுதான் பிடிக்கும். வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்துவிட்டால் மூன்றாவதால் ஒளிந்திருக்க முடியாது. நீங்கள் இருவரும் பத்து நிமிடத்தில் குளித்துவிட்டு ஹீட்டரை அணைத்துவிடுவதால்தான் இதுவரை எதுவும் ஆகாமல் இருக்கிறது. விருந்தாளிகள் வந்து வரிசையாகக் குளிக்கிற ஒரு காலை போதும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது, எல்லோரும் இருக்கும்போதே, "என்ன ஒயர் போட்டீங்க சம்பந்தி?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் இருந்த விஷம் அவருக்குப் புரிந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனார். போர்டைத் திறந்து, ஹீட்டர் லைனைக் காட்டி, "சொரண்டிப் பாருங்க" என்றார். மெயினை அணைத்துவிட்டுச் சுரண்டினேன். சுத்தமான செம்பு, தேவைக்கு மேலேயே கனம். "ஏனுங்க, எம்புள்ளையும் இந்த ஊட்லதானுங்க படுத்து எந்திரிக்கப் போறா. இதுல போயி நான் கஞ்சத்தனம் பண்ணுவனுங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது. மடியில் கனமில்லாத மனிதர். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ அதைப் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஒயர் நல்லது என்று தெரிந்ததும் எனக்கு பயம் இரண்டு மடங்கு ஆனது. ஒயர் முழுக்க மட்டம் என்றால் சூடு நீளம் முழுக்கப் பரவும். ஒயர் நன்றாக இருந்தால் அவ்வளவு சூடும் ஒரே புள்ளியில், எங்கோ ஒரு தளர்ந்த ஜாயிண்டில் இருக்கிறது என்று அர்த்தம். போர்டிலும் சாக்கெட்டிலும் திருகுகளை இறுக்கிப் பார்த்தேன், சொக்கத்தங்கம். ஆக, சுவருக்குள். "ராசா, செவுத்துக்குள்ள எங்கயாச்சும் ஜாயிண்ட் போட்டாங்களா?" என்று உன்னிடம் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும், எல்லா வீட்லயும் ஹீட்டர் போட்டா லைட்டு மங்கத்தான் செய்யும். ஒனக்கு சந்தேகம் பேயா புடிச்சிருக்கு. அடுத்த தடவ வரும்போது அந்த டெஸ்டர அங்கயே வச்சுட்டு வா" என்றாய். கோகிலா அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மீட்டரைப் பையில் போட்டு மூடினேன். கிளம்புகிற அன்று காலையில் பிளக்கை வெட்டினேன்.

பஸ் நிறுத்தத்தில் டீ குடிக்கும்போது உன் வீட்டுக்கு வேலை செய்த ஒயர்மேனைப் பார்த்தேன். பால் காய்ச்சுக்கு வந்திருந்தவர்தான், அடையாளம் தெரிந்தது. எலியைப் பிடித்த பூனையாக அவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். போர்டை ஏன் ஸ்டோர் ரூமில் வைத்தீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், அவர் பயந்துபோய்க் கொட்டிவிட்டார். "நான் ஹால்லதானுங்க வெச்சேன். வாசலுக்குப் பக்கத்துல. பெயிண்டு அடிக்கற சமயத்துல உங்க பையன் வந்து, எங்கம்மா வந்தா சாமி ரூமுக்குப் போறதுக்கு முந்தி போர்டுகிட்டத்தான் போயி நிப்பாங்க, மாமனார் முன்னால ஆயிரம் குத்தம் சொல்லுவாங்க, உள்ள எங்கயாச்சும் தள்ளி வெச்சுருங்கன்னாருங்க. ஒயரு எட்டலீங்க. புதுசா இழுக்கோணும், செவுத்த ஒடைக்கோணும்னு சொன்னேன். நாளு இல்ல, முறுக்கி டேப்பு சுத்தி மூடிருங்கன்னாரு. எனக்கும் கைல வேற வேல இருந்துச்சுங்க." எந்த இடம் என்று கேட்டேன். இரண்டு மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டதாகவும், எல்லாவற்றிலும் பெயிண்ட் ஏறிவிட்டதாகவும், எது ஹீட்டர் லைன் என்று நினைவில்லை என்றும் சொன்னார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

மகனே, அந்த மலை ஏறுகிற வழி முழுக்க நான் யார்மேல் கோபப்படுவது என்று யோசித்தேன். சாந்தன்பாறை வீட்டுக்காரம்மா சாமி படத்துக்குப் பின்னால் ஒயரை ஒளித்தது போல நீ போர்டை ஒளித்து வைத்திருக்கிறாய். எதற்கு? கரண்ட்டைத் திருடவா? இல்லை. உன் அம்மாவிடமிருந்து தப்பிக்க. ஒரு வாசல்படியைத் தாண்டும்போது அவள் குறை சொல்லாமல் உள்ளே வரட்டும் என்பதற்காக. நான் அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை. பக்கத்து சீட்டுப் பெண்மணி எலுமிச்சம்பழம் கொடுத்தாள், வாந்தி வருகிறது என்று நினைத்துவிட்டாள் போல. ஊர் உலகத்தில் எல்லோர் வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்த்தேன், உன் மாமனாரின் சோற்றை உண்டுகொண்டே அவரைச் சந்தேகப்பட்டேன், ஒயர்மேனைச் சந்தேகப்பட்டேன். நான் டெஸ்டர் வைத்துப் பார்க்காத ஒரே ஆள் நீதான்.

நேற்று சாயங்காலம் கோகிலா போன் செய்தாள். உன்மேல் புகார் சொல்லவில்லை, பிளக்கைப் பற்றியும் கேட்கவில்லை. அத்தை நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டாள். சம்பந்தி வளர்த்த பெண். பேச்சுவாக்கில், "ஏனுங்க அத்தை, இந்தக் காத்துக்கு ஊடே சில்லுன்னு ஆயிப்போச்சுங்க. முன்னயெல்லாம் காலைல அவரு குளிச்சுட்டு இருக்கையில, நான் கட்டல்ல உக்காந்து செவுத்துல முதுகச் சாச்சுக்குவேன். வெதுவெதுன்னு எதமா இருக்கும். இப்ப ரெண்டு நாளா அந்தச் செவுரும் சில்லுன்னு கெடக்குதுங்க" என்றாள். நான் தேடிய ஜாயிண்ட் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெண் தினமும் காலையில் இருநூற்று அறுபத்துநான்கு வாட்ஸின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அது இதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். தலைமாட்டில் மரப்பலகை, அதன்மேல் மெத்தை, பக்கத்தில் ஜன்னல் திரை.

அவளிடம் உண்மையைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஏன் ஜாயிண்ட் என்று கேட்பாள், ஏன் போர்டை மாற்றினார்கள் என்று கேட்பாள், அடுத்து அவள் அப்பாவுக்குத் தெரியும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் வேறு ஒன்று சொன்னேன். "எம்மாடி, அந்தக் கட்டில்ல தலமாடு வடக்கால இருக்கு. வடக்க தல வச்சுப் படுக்கக் கூடாது, இன்னைக்கே ஹால் பக்கத்து ரூமுக்கு மாத்திப் போடு" என்றேன். எந்த வாஸ்துவையும் இதுவரை நம்பாதவள் சொன்ன முதல் வாஸ்து. "செரிங்க அத்தை, அவரு வந்ததும் நகத்திடறோம்" என்றாள். நேற்று இரவு நீயும் சேர்ந்து அந்தக் கட்டிலைத் தூக்கியிருப்பாய், அம்மாவுக்கு இப்போது வாஸ்துவும் சேர்ந்துகொண்டது என்று முணுமுணுத்திருப்பாய்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லைட்டும் ஃபேனும் ஓடட்டும், அவை இழுக்கிற கரண்ட் கொஞ்சம். கரண்ட் பாதியானால் அதே தடையில் சூடு கால்வாசி ஆகிவிடும், பயமில்லை. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எதையும் தொடாதே. அந்த ஒயர்மேனையே கூப்பிடு, கட்டில் முன்பு கிடந்த அந்தத் தலைமாட்டுச் சுவரை உடைக்கச் சொல். உள்ளே டேப் கருகி, ஒயர் போகிற குழாய் உருகி இருக்கும், பயப்படாதே. ஜாயிண்டை மறுபடி முறுக்க விடாதே, போர்டிலிருந்து சாக்கெட் வரை முழு ஒயரையும் புதிதாக இழுக்கச் சொல். மற்ற லைன்களின் ஒட்டையும் அப்படியே மாற்றச் சொல். பிறகு ஹீட்டரைப் போட்டுச் சாக்கெட்டில் அளந்து பார். இருநூற்று இருபத்தெட்டுக்குக் குறையக் கூடாது. போர்டை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். அடுத்த தடவை வந்தால் பார்க்க மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பார்ப்பேன். குறை இருந்தால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன். அந்த அளவுக்குத்தான் என்னால் மாற முடியும்.

சுவரை உடைக்கும்போது எதற்கு என்று கோகிலா கேட்பாள். அவளிடம் நீயே சொல்ல வேண்டும், கட்டிலை ஏன் நகர்த்தச் சொன்னேன் என்பதிலிருந்து, போர்டை யாருக்காக ஒளித்தாய் என்பது வரைக்கும். அம்மாவுக்குப் பயந்து செய்தேன் என்று சொல், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன், அது உறுதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் செய்வேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, "எம்மாடி, இப்ப எந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கிற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். தெற்கு என்றோ கிழக்கு என்றோ பவ்யமாகப் பதில் சொன்னாள் என்றால், நீ இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வேன். அவள் சிரித்தாள் என்றால், அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவேன்.